நாற்பத்தொன்றாம் பக்கம்

காலை 10.20. சாட்சியக் கட்டில் நாற்பதாம் பக்கத்தை அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது.

நகல் பிரிவு எழுத்தர் மறுபடியும் புரட்டிப் பார்த்தாள். கட்டடம் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். இருபது வருடமாக நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தே கண் மங்கியவள். நாற்பதின் கடைசி வரி, ‘முகத்தைப் பார்த்தீர்களா?’ என்ற குறுக்கு விசாரணைக் கேள்வி. நாற்பத்திரண்டு வேறெதையோ பேசியது. பதிலைக் காணோம்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம், இந்த வழக்கில் தண்டனை பெற்ற கைதியின் மனைவி நின்றிருந்தாள். நகல் மனுப் போட்டது நேற்று மதியம். அப்பீலுக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. அந்தப் பதில் இல்லாமல் அப்பீல் நிற்காது என்று அவளுடைய வக்கீல் கைவிரித்திருந்தார்.

ஆவண அறைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. “நம்பர் போடறப்ப நீ ஒண்ணைத் தாவியிருப்ப. நேத்து உன் மூஞ்சில தூக்கம் வழிஞ்சுது.”

“நம்பரைத் தாவலாம். பதில் எப்படித் தாவும்?”

அவள் தன் விரலைப் பார்த்தாள். சிவப்புப் பென்சில் கறை இன்னும் போகவில்லை. நகல் மனு வந்த பிறகுதான் தாள்களுக்கு எண் போடுவது அங்கே வழக்கம். அதுவரை அது வெறும் காகிதக் கட்டு.

10.45. பார்வையிட்டவர் பதிவேட்டில் ஒரே கையெழுத்து, போன திங்கட்கிழமை: புகார்தாரருடைய வக்கீலின் குமாஸ்தா. நடைபாதை பெஞ்சில் இருந்தவரை அழைத்தாள். நாற்பத்தொன்று தொலைந்த செய்தி அதற்குள் எல்லார் காதுக்கும் போயிருந்தது.

“கட்டைப் பார்த்தீங்களாண்ணே?”

“திங்கக்கிழமை. கையெழுத்து இருக்குமே.”

“அதுக்கப்புறம்?”

“இல்லம்மா. அன்னிக்கே நாப்பதுக்கு அடுத்து நாப்பத்திரண்டுதான் இருந்துச்சு. நமக்கென்ன வம்புன்னு விட்டுட்டேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் கடுத்தது.

“திங்கக்கிழமை இதுல நம்பரே கிடையாதுண்ணே. நேத்து சாயங்காலம் நான் போட்டது. தாள் முன்னாடியே போயிருந்தா, அடுத்த தாளுக்கு நாப்பத்தொண்ணு விழுந்திருக்கும். நடுவுல இடைவெளியே இருக்காது. நம்பர் போட்ட பிறகுதான் கட்டைத் திறந்திருக்கீங்க. இன்னிக்குக் காலையில.”

ஆவண அறைக்காரர் தலையைச் சொறிந்தார். ஒன்பதரைக்கு டீ குடிக்கப் போனபோது, அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குமாஸ்தாவை உட்கார வைத்ததை மென்று விழுங்கிச் சொன்னார்.

குமாஸ்தா பையைத் திறந்தார். தாளில் ஒரு மடிப்புக்கூட இல்லை. தன் வக்கீல் சொன்னபடி எடுத்துவிட்டாராம், கிழிக்கத்தான் கை வரவில்லையாம். ஆயுசெல்லாம் காகிதம் சுமந்து பிழைத்த கை.

இருவரிடமும் எழுதி வாங்கி மேலே அனுப்பினாள்.

மாலை 4.35. நகலில் முத்திரை ஈரமாக இருந்தது. நாற்பத்தொன்றை மட்டும் படித்துக் காட்டச் சொன்னாள் மனைவி.

“‘இல்லை. இருட்டாக இருந்தது. முகம் தெரியவில்லை.’”

“நாலு வருஷமா இதைத்தான்க்கா நானும் சொல்றேன். நான் சொன்னா அதுல முத்திரை இல்ல.”

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஓடு” என்றாள்.