கத்தரித்த இன்சோல்

காலை ஆறு மணிக்கு ஓட்டக்காரர்கள் தங்கியிருந்த விடுதியின் நடைவழியில் ஒரு கூச்சல் எழுந்தது. இன்ஸ்பெக்டர் போர்வையை உதறிவிட்டு வெளியே ஓடினாள். அண்ணியின் மலை ஓட்டப் பந்தயத்தைப் பார்க்க அவள்தான் விடுப்பில் வந்திருந்தாளே தவிர, அவள் காது விடுப்பில் இல்லை.

ஷூ அலமாரியின் முன்னால் அவளுடைய அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூ காலில், இன்னொன்று மடியில்.

"இன்சோலைக் காணோம் பாப்பா! ரெண்டையும் யாரோ எடுத்துட்டாங்க."

ஸ்டேஷனில் ரவுடிகளை நடுங்க வைக்கும் இன்ஸ்பெக்டர், வீட்டில் இன்னும் பாப்பாதான்.

காணாமல் போனது ஷூவுக்குள் பாதத்தின் கீழே போடும் மெத்தைதான்; ஆனால் கடையில் கிடைக்கிற பொருளல்ல. அண்ணிக்குத் தட்டைப் பாதம். போன வருடம் இதே மலைப்பாதையில் கணுக்கால் மடங்கி விழுந்தவளை, அண்ணன்தான் முதுகில் சுமந்து இறக்கினான். பிறகு கால் மருத்துவர் அவள் பாதத்தை அச்செடுத்து, உள்வளைவுக்கு முட்டுக் கொடுத்து, குதிகால் அசையாமல் உட்காரும்படி ஒரு ஜோடி இன்சோல் செய்து கொடுத்தார். அதைப் போட்டு முதலில் நடை, பிறகு மண் தரை, அப்புறம் சரளைக்கல் என்று பழகிப் பழகித்தான் ஓட்டத்துக்குத் திரும்பியிருந்தாள். எட்டு மணிக்குப் பந்தயம். முதலில் வருகிறவளுக்குத்தான் தேசிய அணியில் இடம்.

"ஷூ காலியாவா இருந்துச்சு?"

"இல்ல. வேற எதையோ வச்சிருக்காங்க. காலை விட்டதுமே தெரிஞ்சுபோச்சு. பலகை மேல நிக்கிற மாதிரி இருக்கு."

இன்ஸ்பெக்டர் விரலை விட்டு அதை உருவினாள். சாதாரண இன்சோல், பழசு. குதிகால் பட்ட இடம் கறுத்துத் தேய்ந்திருந்தது. முன்பக்கம் மட்டும் புதிதாகக் கத்தரித்திருந்தது. விளிம்பில் பிசிறே இல்லை; விரல் உரசும் மூலையைக்கூட வளைத்து வெட்டியிருந்தார்கள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விடுதிக் காவலாளி முன்னால் வந்தார்.

"ராத்திரி பூட்டின கதவை இப்பத்தான் மேடம் தொறந்தேன். வெளியாள் யாரும் வரல."

"அப்ப உள்ளாள்தான்! விடியறப்ப இவ இங்க நின்னதைப் பார்த்தேனே!" என்றது ஒரு குரல். எல்லார் கண்ணும் ஒருத்தி மேல் போய் நின்றன. போன வருடம் ஜெயித்தவள். எல்லாரும் அவளைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விடியறப்ப நீ இங்க நின்னியாமே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நின்னேன். என் ஷூ ஈரமா இருந்துச்சு. பேப்பர் திணிச்சேன்."

"இவங்க ஷூவைத் தொட்டியா?"

"எதுக்கு மேடம்? எனக்கு ஓடி ஜெயிக்கத் தெரியும்." நிமிர்ந்துதான் பேசினாள்; ஆனால் குரல் உடைந்துவிட்டது. "இனிமே நான் ஜெயிச்சாலும் திருடின்னுதான் சொல்வாங்க."

இன்ஸ்பெக்டர் அலமாரிப் பக்கம் திரும்பினாள். புயலின் ஷூவை எடுத்து அண்ணியின் ஷூவோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். புயலுடையது சிறியது.

புயலின் கோச் ரப்பர் செருப்பு தேய வந்தார். ஆஜானுபாகுவான மனிதர். "முட்டுக் கொடுத்த காலுக்குப் பயந்து நாங்க திருடணுமா? நல்ல கதையா இருக்கே!"

"உங்க ஷூ எங்க சார்?"

"ஷூவா? கால் வீக்கம் வந்ததுலேர்ந்து செருப்புதான். யாரை வேணா கேளுங்க."

அதுவரை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் வெந்நீர் பிளாஸ்க். நடந்தபோது ஷூ சளக் சளக்கென்றது. குனிந்து லேஸை இறுக்கினான்.

"சரி விடும்மா, போனது போகட்டும்," என்றான் மனைவியிடம். "உடம்பு முக்கியமா, ஓட்டம் முக்கியமா? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." இரண்டடி நடந்து மறுபடியும் குனிந்தான்.

"அடுத்த வருஷமா?" அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தட்டை இன்சோலை வாங்கி ஷூவுக்குள் திணித்தாள். "இதைப் போட்டுக்கிட்டே ஓடுறேன். கால் போனா போகட்டும்."

லேஸில் இருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஸ்பெக்டரின் பார்வை அண்ணனின் ஷூவில் போய் நின்றது. எத்தனையோ பேரை விலங்கு மாட்டி இழுத்துப் போயிருக்கிறாள். சொந்த அண்ணனை விசாரித்ததில்லை. ஆனால் எதிரே புயல் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஷூவைக் கழட்டு."

"என்ன பாப்பா விளையாடுற?"

"கழட்டு."

கழற்றினான். உள்ளே இன்சோல் இல்லை. வெறும் தையல்தான் தெரிந்தது.

"இன்சோலை உருவிட்டா ஷூ தொளதொளன்னு ஆயிடும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதான் நீ குனிஞ்சு குனிஞ்சு லேஸைக் கட்டுற. இந்தப் பொண்ணோட பாதம் அண்ணியோடதைவிடச் சின்னது. அவளுதா இருந்தா வெட்ட வேண்டிய அவசியமே இல்ல. கோச் ஷூவே போடுறதில்ல. ஆனா நான் பிடிச்சது அதுல இல்ல. கெடுக்கணும்னு வர்றவன் இருக்கிறதை எடுத்துட்டுப் போயிடுவான். பதிலுக்கு மெத்தை வைப்பானா? மறைக்கிறதுக்கும் இல்ல, காலை விட்டா தெரிஞ்சுடும். வெறும் ஷூவைப் போட்டா இவ காலைத் தையல் அறுக்குமே, விரல்ல விளிம்பு குத்துமேன்னு மூலையை வளைச்சு வெட்டினவன் எதிரியா இருக்க முடியாது. இவ மேல உசுரையே வச்சிருக்கிறவன்."

அண்ணன் சட்டைக்குள் கைவிட்டு இன்சோல்களை எடுத்தான். நெஞ்சோடு வைத்திருந்ததில் அவை சூடாக இருந்தன.

"அன்னிக்கு முதுகுல நீ வலியில துடிச்சது இன்னும் என் காதுல கேக்குது," என்றான். "இது இல்லன்னா ஓட மாட்டேன்னு நெனச்சேன்."

அண்ணி அவற்றை வெடுக்கென்று பிடுங்கினாள். "பயமா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்றப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

அண்ணன் எல்லார் முன்னாலும் கைகூப்பினான். புயல் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "சீக்கிரம் போடுங்கக்கா. முழுக் காலோட வாங்க. அப்பத்தான் ஜெயிச்சா ருசி."

ஏற்றத்தில் புயல்தான் முன்னால் போனாள். உச்சியைத் தாண்டியபோதும் அவள்தான். இறக்கத்தில் பாறையும் உருளைக்கல்லும் ஆரம்பித்ததும் எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள், அண்ணியைத் தவிர. கல்லுக்குக் கல் தாவினாள். ஒரு தடவைகூடக் குதிகால் சாயவில்லை, கணுக்கால் மடங்கவில்லை. போன வருடம் விழுந்த வளைவில் புயலை எட்டிப் பிடித்தாள். கடைசிச் சரிவில் இருவரும் தோளோடு தோள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் உத்தியோகத்தையும் மறந்து, "அண்ணீ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ரிப்பன் அண்ணியின் மார்பில் அறுந்தது. பின்னாலேயே வந்த புயல் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள்.

பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கண்ணீர் வழிய வழியக் கைதட்டினான். கிட்டே வரத்தான் தைரியமில்லை.

"பாப்பா, உங்க அண்ணனை இங்க வரச் சொல்லு," என்றாள் அண்ணி மூச்சிரைக்க. "வீட்டுக்குப் போனதும் வச்சுக்கிறேன். இப்ப கட்டிப்பிடிக்க ஆள் வேணும்."