எண் பார்த்துச் செய்த சம்பந்தம்

துண்டுக்கு அடியில் கல்யாணத் தரகர் சண்முகவடிவு கையை நீட்டினாள். எதிரே இருந்த அன்னபாக்கியம் விரல்களை இறுக மடக்கிக் கொடுத்தாள். பிடித்துப் பார்க்க ஒரு விரலும் அகப்படவில்லை.

“சுத்த பூஜ்யமாக்கா?”

“எங்க வீட்டுச் சரக்கு வேற எப்படி இருக்கும்?”

அன்னபாக்கியம் விருதுநகரில் மூன்று வத்தல் மண்டி நடத்துகிறவள். சரக்கை உயர்த்திப் பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் சரக்கு, அவள் மகள் நிறைமதி.

மாட்டுச் சந்தையிலிருந்து இந்தத் துண்டுப் பேரம் கல்யாண வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் சட்டம். சம்பந்தம் பேசும்போது எண்ணைக் கேட்கக்கூடாது, சொல்லக்கூடாது, எழுதிக் காட்டக்கூடாது. விரலைப் பிடிப்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

எண் என்பது மூச்சுமானி காட்டுவது. புற்றுக்கட்டி கடுகளவு இருக்கும்போதே ஒரு குறிப்புரதத்தைக் கசியவிடும். பல் துலக்கும் இடத்தில் மாட்டியிருக்கும் மானியில் ஊதினால் அதன் அளவு தெரிந்துவிடும். நல்ல உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். முப்பதைத் தாண்டினால் மருத்துவமனையே கூப்பிடும். கட்டியின் மரபணுவில் எந்த எழுத்து பிறழ்ந்திருக்கிறது என்று படித்து, அதற்குத் தோதான வேட்டைமருந்தை ஏற்றுவார்கள். மருந்து அந்தப் புரதத்தை மோப்பம் பிடித்துப் போய்க் கட்டியைத் தின்றுவிடும். புற்றுநோயில் ஒருவர் செத்தார் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

ஆனால் எண் என்று ஒன்று வந்தபின் அதில் உசத்தி, மட்டம் பார்க்காமல் மனுஷனால் இருக்க முடியுமா? மண்டிக்காரக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குறைந்த எண்ணுக்குக் குறைந்த எண்ணையே தேடிக் கட்டிவைத்தன.

மாப்பிள்ளை அமுதன் சாத்தூர்க்காரன், எண் பதினொன்று. பூஜ்யம் வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும் என்றாள் அன்னபாக்கியம். ஆடி மாசத்துக்காவது பையனைச் சாத்தூருக்கு அனுப்பிவையுங்கள் என்று அவன் வீட்டார் கெஞ்சி வாங்கிக்கொண்டார்கள்.

இடைஞ்சல் நிறைமதியின் முதுகில் இருந்தது. ஓயாத வலி. சோறு இறங்கவில்லை, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகள் தொளதொளத்தன. மருத்துவமனையில் எண் இல்லாதவளுக்கு வயிற்றுக்குள் பார்க்கும் உட்படம் எடுக்க வழியில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கும் அதில் நிம்மதிதான். உட்படம் எடுத்தது வெளியே தெரிந்தால் சம்பந்தம் என்னாவது?

நிறைமதி அம்மாவிடம் மண்டிப் பேச்சிலேயே கேட்டாள். “மூட்டையைத் தராசில ஏத்தியும் முள்ளு அசையலைன்னா, மூட்டை லேசுன்னு ஒத்துக்குவியா, தராசு சரியில்லைன்னு சண்டை போடுவியா?”

அன்னபாக்கியம் எத்தனையோ தராசுகளோடு சண்டை போட்டவள். செருப்பை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினாள். டாக்டர் ரஹீமாவின் அறை வாசலில் அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்தே உட்படம் எடுத்தார்கள்.

கணையத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்தது.

“அந்தப் புரதத்தைச் செய்யற மரபணுவே உங்க பொண்ணுக்கு வேலை செய்யலைம்மா,” என்றார் டாக்டர். “அப்பா வழியில வந்ததும் ஊமை, உங்க வழியில வந்ததும் ஊமை. தலைமுறை தலைமுறையா நீங்க தேடித் தேடிச் சேர்த்தது ஆரோக்கியத்தை இல்ல, ஊமைக் கட்டியை.”

மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லாததால் மருந்து உதவாது. அந்தக் காலம்போல் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பரவுவதற்கு முன்னால் அகப்பட்டதால் நிறைமதி பிழைத்தாள்.

விஷயம் பரவியதும் பூஜ்யக்காரர்கள் எல்லாரும் உட்படத்துக்கு ஓடினார்கள். சாத்தூர்க்காரர்கள் சம்பந்தத்தை முறிக்கவில்லை. பேரத்தைத்தான் புரட்டிப் போட்டார்கள். எங்கள் பையன் பதினொன்று, கட்டி வந்தால் வாய் திறந்து சொல்லும், ஆகவே பெண்தான் சாத்தூருக்கு வரவேண்டும் என்றார்கள். அன்னபாக்கியம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டாள்.

அடுத்த முகூர்த்த சீசனில் கனத்த எண்ணுக்குத்தான் கிராக்கி. எண்ணை ஏற்றிக் காட்டும் லேகியம் கடைகளில் வந்தது. பாதி ஊர் முப்பதைத் தாண்டி, மருத்துவமனையில் நிற்க இடமில்லாமல் போனதால், வரம்பை நூறாக்கி அரசாங்கம் கையைக் கழுவிக்கொண்டது.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அமுதனின் எண் இருபதானது, பிறகு நாற்பது, பிறகு அறுபத்திரண்டு. அன்னபாக்கியம் மூன்று மண்டியிலும் அல்வா கொடுத்தாள். எங்கள் மாப்பிள்ளை மாதிரி இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

நிறைமதிக்கு அல்வா இறங்கவில்லை.

“உண்மையைச் சொல்லுங்க. லேகியம் சாப்பிட்டீங்களா?”

“எனக்கு அந்த வாடையே ஆகாதே, நிறை.”

அப்படியே அவனை இழுத்துக்கொண்டு ரஹீமாவின் மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் அமுதனின் எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகுலுக்கினாள். நூற்றுக்குள் இருப்பவர்களுக்குப் பயமே இல்லை, உட்படம் பூஜ்யக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நிறைமதி வாதாடவில்லை. தன் பூஜ்யத்தைக் காட்டி, தன் பெயரில் ஒரு டோக்கன் வாங்கினாள். பெயர் கூப்பிட்டதும் அமுதனை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.