வராத ரூபாயின் முகவரி

சம்பளம் ஏறியதும் அன்னபாக்கியத்தின் கைப்பேசி வழக்கம்போலப் பேசியது. “உங்கள் வரி இந்த மாதம் கல்லுமுனைப் பள்ளியின் மதிய உணவுக்கும், மேலத்தெருக் குடிநீர்க் குழாய்க்கும் சென்றது. நன்றி.” உப்பளத்துச் சூரியத்தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருடைய மடியிலிருந்தும் அதே குரல் எழுந்தது. ஒருத்தியின் வரி தெருவிளக்காகியிருந்தது. இன்னொருத்தியுடையது யாருக்கோ பேறுகால மாத்திரையாகியிருந்தது. “என் காசுலதாண்டி உன் மவன் சாப்பிடுதான்” என்று கேலி பேசிச் சிரித்தார்கள்.

ஒவ்வொரு வட்டாரமும் தன் வரியைத் தானே வசூலித்துத் தானே செலவழிக்கத் தொடங்கியபோது கூடவே வந்தது ‘வரித்தடம்’. எந்த ரூபாய் எங்கே போய் எதுவாயிற்று என்பதை அது அறியும். மக்களுக்கு அது பிடித்திருந்தது. வந்த ரூபாய்க்கு முகவரி உண்டென்றால் வராத ரூபாய்க்கும் முகவரி உண்டு என்பதை அன்னபாக்கியம் யோசித்ததே இல்லை, அன்று ஷமீமா வந்து தகட்டு நிழலில் உட்காரும் வரைக்கும்.

ஷமீமா வட்டார மீட்பு ஆணையத்தின் அதிகாரி. ஏய்க்கப்பட்ட வரியைக் கண்டுபிடித்து மீட்பது அவர்கள் வேலை. வந்தவள் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பேச்சை எங்கே தொடங்குவதென்று தெரியாதவள்போல் இருந்தாள்.

“அக்கா, உங்க மக நிறைமதி பத்திப் பேச வந்திருக்கேன்.”

அன்னபாக்கியத்தின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. நிறைமதியைக் கட்டுவிரியன் கடித்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, அப்பாவின் மடியில், மூச்சு நின்றுவிட்டது.

“உங்க ஊரு கல்லுமுனைக்கு ஒரு மருந்துப்பறவை அனுமதி ஆகியிருந்துச்சு. விஷமுறிவு மருந்தும் மூச்சுக்கருவியும் தூக்கிட்டுக் கூப்பிட்ட இடத்துக்குப் பறந்து வரும்லா, அந்த யந்திரம். மருத்துவர் தூரத்துலருந்தே அதை வச்சு வைத்தியம் பார்ப்பாரு. நிதி இல்லன்னு அந்த வருஷம் அதை நிறுத்திட்டாங்க. ஏன் நிதி இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

சிதம்பரதாணு என்ற முதலாளி இந்தக் கடற்கரையின் உப்புநீரிலிருந்து லித்தியம் எடுத்தார். எடுத்ததையெல்லாம் வரி குறைந்த பக்கத்து வட்டாரத்தில் எடுத்ததாகக் காட்டினார். வானிலிருந்து பாத்திகளை அளந்த செயற்கைக்கோள் காட்டிய கணக்கும் அவர் காட்டிய கணக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே பிடித்தார்கள். வராமல்போன பணத்தின் பின்னால் வரித்தடம் நடந்து நடந்து, கடைசியில் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

“சட்டப்படி அவரு அரசாங்கத்தை ஏமாத்தல, உங்களத்தான் ஏமாத்தியிருக்காரு. அதனால முடிவும் உங்களுது. வழக்குன்னு சொன்னா ஜெயிலுக்குப் போவாரு. ஆனா தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் முடியிற வரைக்கும் பணம் முடங்கிக் கிடக்கும், வருஷக்கணக்கா. சமரசம்னு சொன்னா மூணு மடங்கு உடனே கட்டுவாரு. மருந்துப்பறவை மழைக்கு முன்னால வந்துரும். ஆனா அவரு மேல வழக்கே இருக்காது.” ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள். “தாயோ தகப்பனோ, ஒருத்தர் கையெழுத்துப் போதும்.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கணவன் பொன்னுதுரை கத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “அவன் கம்பி எண்ணணும். நான் கண்ணால பார்க்கணும்” என்றான். பிறகு மகள் படுத்துறங்கிய மூலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அன்னபாக்கியத்துக்கும் ஆசை அதுதான். ஆனால் மறுநாள் தகடு துடைக்கையில் கூட வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் வரப்பில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். வெறுங்கால்கள். வடகிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. புற்றுக்குள் தண்ணீர் இறங்கினால் விரியன் வெளியே வரும்.

அதற்கடுத்த நாள் கணவனிடம் சொல்லாமல் அவள் ஆணைய அலுவலகத்துக்குப் போனாள். விசாரணைக்கு வந்திருந்த சிதம்பரதாணு அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“எனக்குத் தெரியாதும்மா. வெறும் நம்பர்னுதான் நினைச்சேன். இப்படி ஒரு குழந்தைன்னு தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பீகளா?”

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுராதீக. மழை வருது, அதுக்குத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு அன்னபாக்கியம் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பேருந்து நிறுத்தம் வரை அழாமல் நடந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. “புள்ளைய வித்துட்டு வந்திருக்க” என்றான் பொன்னுதுரை. அதன் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்தினான். அவள் சோறு போட்டால் தின்றான், கூப்பிட்டால் திரும்பவில்லை. மருந்துப்பறவை நிலையம் திறந்த அன்று ஊரே போயிருந்தது. அவர்கள் இருவரும் போகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகலில், கூரை ஒழுகும் இடத்தில் அவள் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே விர்ரென்று ஓர் ஓசை கடந்து போனது. பொன்னுதுரை வெளியே ஓடி மழையில் நின்று பார்த்தான். மஞ்சள் விளக்கு காட்டுப்பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து சொன்னார்: ஆடு மேய்க்கப் போனவளை விரியன் கடித்துவிட்டதாம், மருந்து ஏறிவிட்டதாம், கண் திறந்து பேசுகிறாளாம்.

பொன்னுதுரை நனைந்தபடியே உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் தோள்கள் குலுங்கின. அவள் துண்டை எடுத்து நீட்டினாள். வாங்கினான்; துடைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“நான் போயிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்” என்றான்.

“தெரியும்” என்றாள் அன்னபாக்கியம். “அதனாலதான் உங்களக் கூப்பிடாமப் போனேன்.”