சக்கரமா, பாதமா, எலியா?

தேவாரம் என்ற ஊரில் கயல் படித்த பள்ளிக்கு அந்த வருடம் ஐந்து கணினிகள் வந்தன. எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் பல வருடம் உழைத்துக் களைத்தவை. பொன்னுராஜ் சார் அவற்றைத் துடைத்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினார்.

"லினக்ஸ்ல திரை எப்படி இருக்கணும்னு நாமளே முடிவு பண்ணலாம்" என்றார் சார். "மூணு விதம் போட்டிருக்கேன். எல்லாத்தையும் வச்சுக்க இடம் பத்தாது. கொஞ்ச வாரம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஓட்டுப் போடுங்க. ஜெயிக்கிறது இருக்கும், மத்தது போயிரும்."

மூன்றுக்கும் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்கள். ஏழாம் வகுப்பு அதற்கெல்லாம் அசரவில்லை. ஒன்றின் சின்னம் பல்சக்கரம். அதனால் அது 'சக்கரம்'. இன்னொன்றின் சின்னம் காலடி, அது 'பாதம்'. மூன்றாவதில் ஒரு சுண்டெலி.

"மவுஸை வச்சு எலியைப் பிடிக்கணுமாக்கும்?" என்றான் சுருளியாண்டி. வகுப்பே சிரித்தது. அதோடு எலியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

சக்கரக் கட்சிக்குக் கயல்தான் தலைவி. சக்கரத்தில் எதைத் தட்டினாலும் அம்புக்குறியின் பக்கத்தில் ஒரு குட்டிப் படம் துள்ளித் துள்ளிக் குதிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே கயல் வேண்டாததையெல்லாம் தட்டுவாள்.

பாதக் கட்சிக்கு விஜி தலைவி. "ஒன் சக்கரம் திருவிழாக் கடை மாதிரி மினுக்குது" என்பாள்.

"மினுக்குனா என்னடி? கண்ணுக்கு அழகாத்தான இருக்கு!"

மூன்று வாரம் போனது. கயல் நோட்டை எடுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். கடைசி பெஞ்சில் சுப்புத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு எது பிடிக்கும்? சக்கரந்தான?"

"தெரியாது கயலு. நான் எதையும் தொட்டதே இல்லையே."

"மூணு வாரமாவா?"

"நானும் முனீஸ்வரியும் எங்க கணினில நாலாவது ஜோடி. எங்க முறை வாறதுக்குள்ள பீரியடு முடிஞ்சுருது." சுப்புத்தாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடக் கயலுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அதே கணினியில் முதல் ஜோடி கயலுடையது.

"நாளைக்கு என் முறைய நீ எடுத்துக்க."

"அப்ப நீ சும்மா ஒக்காரணும். யாராச்சும் ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கத்தான போறோம்?"

கயல் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். ஜோடிக்குப் பத்து நிமிடம். நாலு ஜோடிக்கு நாற்பது. பீரியடோ நாற்பத்தைந்து நிமிடம். மிச்சம்தானே வர வேண்டும்? எங்கே போகிறது?

மறுநாள் மதிய உணவு நேரத்தில், சாரிடம் கேட்டுக்கொண்டு கணினி அறைக்குப் போனாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தன் பெயரைக் கொடுத்துச் சக்கரத்தைத் திறந்தாள். மெதுவாக... மெதுவாக... திரை முழுசாக வர நான்கு நிமிடம்! பாதத்துக்கும் மூன்றுக்கு மேல் ஆனது. கடைசியாக எலியைத் திறந்தாள். ஒரே நிமிடம்.

எலியில் எதைத் தட்டினாலும் எதுவும் துள்ளவில்லை. கயலுக்கு முகம் சுருங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை ஓட்டு. கயல் எழுந்து நின்றாள். "எல்லாரும் எலிக்குப் போடுங்க!"

"ஏலே, தலைவி கட்சி மாறிட்டா!" என்று சுருளியாண்டி கத்தினான்.

கயல் கரும்பலகையில் கணக்கை எழுதினாள். "ஜோடிக்கு ஜோடி அவுக பேரக் குடுத்துத் தெறக்கோம்ல? சக்கரம் தெறக்க நாலு நிமிசம், நம்ம பத்து நிமிசம். மூணு ஜோடிக்கு நாப்பத்திரெண்டு ஆயிருது. நாலாவது ஜோடிக்குத் திரையே வராது. எலின்னா நாலு ஜோடியும் நாப்பத்திநாலு நிமிசத்துல முடிச்சிரலாம்."

"அப்ப அந்தத் துள்ளுற படம்?"

"துள்ளாது" என்றாள் கயல். "ஆனா நம்ம வகுப்புல பத்துப் பேரு இன்னும் மவுஸையே தொடல."

"இது என் கண்ணுல படாமப் போச்சே!" என்று சார் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

முதலில் உயர்ந்தது விஜியின் கை. பிறகு ஒவ்வொன்றாக நாற்பது பேரில் முப்பத்தாறு கைகள்.

அடுத்த பீரியடில் சுப்புத்தாய் மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். "அம்பக் காணோம்!" என்று பதறினாள். "அங்கன பாரு, மூலையில" என்றாள் முனீஸ்வரி. கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் திரையில் கோணல்மாணலாக ஓர் ஆடு முளைத்தது.

கயல் எட்டிப் பார்த்தாள். "ஆட்டுக்கு அஞ்சு கால் இருக்கேடி!"

சுப்புத்தாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இருக்கட்டும். இது வேகமா ஓடுற ஆடு."