திரும்பி வரும் எண்ணம்

கோவில்பட்டி புதுரோட்டில் காலை ஆறு மணிக்கெல்லாம் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, தலையில் அலுமினியக் குல்லாய் மாட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளைகளை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். தெருவில் போனவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாயில் பிள்ளை இருக்கிற வீடு என்றால் இந்தப் பாடு உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

செவ்வாயில் நம்மவர்கள் குடியேறிய ஊருக்குச் செங்குடி என்று பெயர். அங்கே போக இரண்டு வழி. ஒன்று, பெற்றோருக்கான நிரந்தரக் குடியேற்றம். மனுப் போட்டால் வரிசை நகரப் பதினாறு வருஷம். இன்னொன்று, முப்பது நாள் வருகைச்சீட்டு. வில்லங்கம் என்னவென்றால், முதல் வரிசையில் நிற்கிறவர் இரண்டாவதைக் கேட்டால் அலுவலகம் மடக்கும். அங்கேயே வாழ ஆசை என்று நீதானே எழுதிக் கொடுத்தாய், முப்பது நாளில் திரும்புவாய் என்று எப்படி நம்புவது?

பழைய காலத்தில் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிச் சமாளித்தார்களாம். இப்போது எண்ணமானி வந்துவிட்டது. தலையில் வைத்தால், திரும்பி வரும் எண்ணம் நூற்றுக்கு எத்தனை என்று காட்டிவிடும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் சீட்டு இல்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒளிந்து தங்க நினைத்தவர் என்று முத்திரை குத்தி, நிரந்தர மனுவையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்ற கதைதான்.

செண்பகவல்லி அந்த வரிசையில் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே மகன் இசக்கிராஜா. அவனுக்கு ஆவணியில் செங்குடியில் கல்யாணம். மகன் தாலி கட்டுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஒன்பது வருஷக் காத்திருப்பைப் பணயம் வைக்க வேண்டும். ஒளியுருவில் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் புத்தி சொன்னார்கள்.

புத்தி சொல்ல ஓரகத்தி ஆவுடையம்மாளும் வந்தாள். புருஷனின் அண்ணன் மனைவி. மருமகன் புண்ணியத்தில் நிலாவில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவள். அந்த நாலு நாளைப் பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீடோ கருமாதி வீடோ, “நிலாவுல நான் இருந்தப்ப” என்று அவள் ஆரம்பித்தால் பந்தியில் பாதிப் பேர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். அன்றைக்கும் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “செவ்வாயெல்லாம் நமக்கு எதுக்கு, செண்பகம்? நிலாவுக்குன்னா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்.”

மறுநாளே செண்பகவல்லி வருகைச்சீட்டுக்கு மனுப் போட்டுவிட்டாள்.

பயிற்சி நிலையம் நடத்தும் பால்துரை நல்ல மனிதர்தான். வீட்டை நினை, வயலை நினை, குலதெய்வத்தை நினை, மகனை மட்டும் நினைக்காதே என்று சொல்லிக்கொடுத்தார். எங்கே! குல்லாய் தலையில் ஏறியதுமே இசக்கிராஜாவின் முகம் வந்து நின்றுவிடும். குல்லாயில் பொருத்தியிருந்த பயிற்சி எண்ணமானி முப்பத்தொன்று, இருபத்தெட்டு, கடைசி நாளில் இருபத்து மூன்று என்று காட்டியது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார் பால்துரை. பெற்ற பிள்ளை கல்யாணத்தைப் பார்க்காத கண் எதற்கு என்று கேட்டுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினாள்.

மதுரை அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஓர் இயந்திரம். கனிவான குரல். கல்யாணம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டது. செண்பகவல்லிக்குப் பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. மனசை அதன் போக்கில் விட்டுவிட்டாள். மகன் தாலி கட்டினான். கண் நிறைந்தது. மணமக்களை வைத்துச் சிவந்த மலைகளுக்கு முன்னால் படம் எடுத்தாள். படத்தை எடுத்த கையோடு அவள் மனசு நேரே ஆவுடையம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

எண்ணமானி தொண்ணூற்றேழு என்று காட்டியது.

இயந்திரம் தன்னையே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தது. இரண்டாம் தடவை தொண்ணூற்றெட்டு. முதல் வரிசையில் நிற்கும் யாருக்கும் இதுவரை எழுபதுகூட வந்ததில்லை என்று சொல்லி, மகன்மேல் பாசம் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

“பாசம் இல்லாம ஒம்பது வருசம் நிப்பேனா?” என்றாள் செண்பகவல்லி. “ஆனா செவ்வாய்ல இருக்கவன்கிட்ட நான் செவ்வாய்க்கு வந்திருக்கேன்னு சொன்னா எவன் வாயைப் பொளப்பான்? இங்க வந்து சொன்னாத்தான அது போனதுக்கு அழகு.”

சீட்டு அங்கேயே கைக்கு வந்தது.

போனாள். மகன் தாலி கட்டும்போது பக்கத்தில் நின்று அட்சதை போட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். மருமகளுக்குத் தன் கையால் பூ வைத்தாள். சீட்டை இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, இருந்துவிட்டுப் போம்மா என்று இசக்கிராஜா கெஞ்சினான். அவள் இருபத்தெட்டாம் நாளே பெட்டி கட்டிவிட்டாள்.

ஊருக்கு வந்து குளித்த ஈரம் காய்வதற்குள் ஓரகத்தி வீட்டில் இருந்தாள். ஆவுடையம்மாள் வழக்கம்போல் நிலாவை எடுத்தாள்.

“நிலாவா? அது போற வழியில வந்துச்சுக்கா,” என்றாள் செண்பகவல்லி. “சன்னல் வழியாப் பாத்தேன்.”

பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஆவுடையம்மாள் நிலாவைப் பாதியில் விட்டுவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள். அடுத்து வந்த வளைகாப்பில் பந்தி முழுவதும் செண்பகவல்லியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. ஒருவரும் கை கழுவ எழவில்லை.

அலுவலகமும் பாடம் கற்றுக்கொண்டது. வருகைச்சீட்டு மனுவில், ஊரில் உங்களைக் கண்டால் பொருமக்கூடிய உறவினர் யார் என்று புதிதாக ஒரு கேள்வி வந்தது. ஒற்றுமையான குடும்பத்தார் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியாயின. பால்துரை குல்லாய்களை ஓரங்கட்டிவிட்டு, கொழுந்தன் வீட்டுக் கார் விலையை எப்படி விசாரிப்பது என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார்.

ஏழு வருஷம் கழித்துச் செண்பகவல்லியின் வரிசை வந்தது. நிரந்தரமாகவே செங்குடிக்கு வரலாம். மகன் சந்தோஷத்தில் அழுதான். அவளும் அழுதாள், சாமிக்கு விளக்கேற்றினாள். பிறகு இரண்டு நாள் என்னவோ போல இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பால்துரையைத் தேடிப் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, குடும்பத்தோட போகலாம்னுதான போட்டிருக்கு? ஓரகத்தியச் சேக்க எடம் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க.”