வச்சலா போட்ட கோடு

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு அன்று பிற்பகல் கடைசியாக வந்தவர் தனகோடி. புதுப்பட்டினத்து மீனவர். கூட வந்த மகன் மாரி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அக்கா வச்சலா என் பக்கத்து நாற்காலிக்காரி. ஆறு மாதத்துக்கு முன்பு லாரி மோதி இறந்துபோனாள்.

“நைனா எல்லாத்தையும் மறந்துகினே வர்றாரு பரிமளாக்கா,” என்றான் மாரி. “அக்கா செத்ததும் ஞாபகம் இல்ல. சொன்னா ஒவ்வொரு வாட்டியும் புதுசா அழுவுறாரு. அதான் வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லிகினு கீறேன்.”

தனகோடி என்னிடமும் கேட்டார்.

“வச்சலா இன்னும் வர்ல?”

“வந்துடும் நைனா,” என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூளைப் படத்தில் நினைவைக் காக்கும் பகுதியைச் சுற்றிக் கம்ப்யூட்டர் பச்சைக் கோடு போட்டு அளவு சொல்லும். தப்பான இடத்தைக் கையால் திருத்துவது எங்கள் வேலை. வச்சலா அதில் கறார். நான் ஒரு புள்ளி கூட்டிவிட்டால் போதும், “இன்னாடி, உங்க வூட்டு நிலமா, வளைச்சுப் போடுற?” என்பாள்.

ஸ்கேன் முடிந்து அவர்கள் வெளியே போய் உட்கார்ந்ததும் தனகோடியின் படத்தைத் திறந்தேன். அந்தப் பகுதி வற்றிச் சுருங்கிக் கிடந்தது. ஆனால் பச்சைக் கோடு அதைத் தாண்டி, வெறும் நீர் நிற்கும் கறுப்பில் ஓடியிருந்தது. அளவு மூன்றரை மில்லி. வாலிப வயசுக்காரருக்கு இருக்கவேண்டியது.

திருத்தினேன். ஒன்றே முக்கால் வந்தது. சேமித்து மூடினேன்.

திறந்தால் மறுபடி மூன்றரை.

ஏ.சி. குளிரில் சோம்பு வாசனை எழுந்தது. வச்சலா எந்நேரமும் சோம்பு மெல்லுவாள்.

திருத்தியவர் பெயர் வரும் கட்டத்தைப் பார்த்தேன். வச்சலா என்று இருந்தது. நேரம், அந்த நிமிடம்.

இன்னொரு முறை திருத்தினேன். கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன்.

கோடு தானாக நகர்ந்தது.

அவள் போடுகிற மாதிரியே, கீழிருந்து மேலாக, தத்தித் தத்தி.

எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

“உட்டுடு வச்சலா,” என்று கிசுகிசுத்தேன். “டாக்டருக்கு நிஜ அளவு வேணும். நைனாகிட்ட இருக்கிறது அவ்ளோதான்.”

கோடு நின்றது. பிறகு புள்ளி புள்ளியாக உள்ளே வந்தது. மூன்று. இரண்டரை. ஒன்றே முக்கால்.

கதவுக்கு வெளியே மாரியின் குரல் கேட்டது. “எழுந்திரு நைனா. வச்சலாக்கா வேலைய முடிச்சிகினு வூட்டுக்கு வந்துடும்.”

“யாருடா வச்சலா?” என்றார் தனகோடி.



என் தோளருகே யாரோ தேம்பினார்கள். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

டாக்டருக்கான அறிக்கையில் ஒன்றே முக்கால் என்று எழுதி அனுப்பினேன். நிமிர்ந்தபோது திரையில் கோடு மறுபடி வெளியே கிளம்பியிருந்தது. இந்த முறை நான் திருத்தவில்லை.

அது மூன்றரையைத் தொட்டது.

“மாரி,” என்றார் வெளியே தனகோடி. “வச்சலா இன்னும் வர்ல?”