ஆறு கொட்டாவிகள்

அக்கா ஊரிலிருந்து வீட்டுக்கு வருவதன் விலை நூற்று அறுபது ரூபாய். சன்னலோர இருக்கை என்றால் பத்து கூடும். ஒரு முழு அக்கா இதைவிட மலிவாக எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டாள். ஆனாலும் அந்தப் பேருந்துச் சீட்டை அவள் இன்னும் வாங்கவில்லை.

அக்கா தூரத்து ஊரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். பத்து நாள் விடுமுறை வருகிறது. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, லீவுக்கு வரட்டுமா?”

“வர்றதுன்னா வா. வரலைன்னாலும் பரவாயில்ல. கடை அது பாட்டுக்கு நடக்குது.”



“அப்போ நான் சிநேகிதி வீட்டுக்குப் போறேன்ப்பா.”

“உன் இஷ்டம்மா.”

பக்கத்தில் நின்று தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்பதால் வீட்டில் அவள் பெயர் ஏன்குட்டி. சீட்டு விற்பனை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று செவ்வாய்.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? அக்கா வரணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையா?”

அப்பா வாய் நிறையக் கொட்டாவி விட்டார். பிறகு பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

அப்பா பொத்தான் வியாபாரி. வீட்டு முன்னறைதான் கடை; அது முழுக்கப் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பொத்தான் மாதிரிக்குத் தைத்திருக்கும். மாதிரி இல்லாத பெட்டியை யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று மாலை ஒரு பொத்தான் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்வது ஏன்குட்டியின் வேலை.

“வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோச்சாம். கடைசியில, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ன்னு போட்டிருக்காங்க. உங்க பதிலை ஆவலா எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்களாம்!”

“அதுவா?” அப்பா சிரித்தார். “கோட்டுக் கையில மூணு பொத்தான் வெச்சுத் தைப்பான் பாரு, அந்த மாதிரி. எதையும் மூடாது, திறக்காது. சும்மா அழகுக்கு.”

ஏன்குட்டி விடவில்லை. பழைய கடிதக் கட்டைப் பிரித்தாள். பதினோரு கடிதங்களில் ஒன்பதில் அதே வரி. ‘உங்கள் புகாரை ஏற்க முடியாது’ என்று வெடுக்கென எழுதிய கடிதத்தின் அடியிலும் அதே ஆவல்!

அப்படியானால், யாராவது உண்மையாகவே எதிர்பார்த்துக் காத்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுநாள் கடைக்கு வந்த பார்சல்காரரை மடக்கினாள். “அண்ணே, யார் உங்களுக்காக நெஜமாவே காத்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்?”

“இதுல என்ன கஷ்டம்? சிலர் வீட்டுல பத்து தடவை மணி அடிக்கணும். சிலர் வீட்டுல மணியில கை வைக்கறதுக்குள்ள கதவு திறந்துடும். வாய் என்ன வேணா சொல்லும் பாப்பா. நீ கதவைப் பாரு.”

அப்பாவிடம் எது கதவு? ஏன்குட்டி அவரையே கவனிக்கத் தொடங்கினாள்.

அன்று மதியம் கம்பெனி விற்பனையாளர் ஒரு தட்டு நிறையப் புதுப் பொத்தான்களுடன் வந்தார். அப்பா சிவப்பைப் பார்த்து “அடடா!” என்றார். பச்சையைத் தடவி “பிரமாதம்!” என்றார். நீலத்தைப் பார்த்ததும் கொட்டாவி விட்டார். அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் நீலத்தை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கினார்.

“பிடிச்சதைப் பார்த்தா ஏம்ப்பா கொட்டாவி விடறீங்க?”

“சத்தம் போடாதே! வேணும்னு காட்டிக்கிட்டா விலை ஏத்திடுவான். முப்பது வருஷப் பழக்கம்.”

ஏன்குட்டி அப்படியே நின்றாள். நேற்று அக்காவைப் பற்றிக் கேட்டபோதும் இதே கொட்டாவிதானே!

பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள். அம்மா, “பெரியவ வருவாளாமா?” என்று கேட்டபோது ஒன்று. அக்காவின் சைக்கிளுக்குக் காற்றடித்து, “டயர் வீணாயிடும்ல” என்று யாரும் கேட்காமலே சொன்னபோது ஒன்று. அக்கா ஊர்ப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று பார்சல்காரரிடம் “சும்மாதான்” விசாரித்தபோது ஒன்று. அக்கா அறைக்குப் புது பல்பு மாட்டி இறங்கும்போது ஏணியிலேயே ஒன்று. செவ்வாய்க்கிழமை விட்டதையும் சேர்த்தால் ஐந்து.

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, அப்பாவின் தொலைபேசியில் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ‘எனக்கு எழுதினா இங்கிலீஷ்லதான் எழுதணும்’ என்பது அக்காவின் கட்டளை. ‘அப்பா இஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ’ என்று எழுதினாள்.

எழுதியதைப் பார்த்தாள். போதாது. அக்காவும் இதே கடையில் வளர்ந்தவள்தான். கோட்டுக் கைப் பொத்தான் என்று தள்ளிவிடுவாள். முகப்பில் மாதிரி வேண்டும்.

எனவே அந்த வரிக்குக் கீழே சைக்கிள், பேருந்து, பல்பு, ஐந்து கொட்டாவி என எல்லாவற்றையும் கிழமையோடு எழுதினாள். பிறகு அப்பாவிடம் கொண்டுபோய்த் தமிழில் படித்துக் காட்டினாள்.

“அக்காவுக்கு எழுதியிருக்கேன். நீங்க அவளை ஆவலா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு. பொய்னா சொல்லுங்க, அழிச்சுடறேன்.”

அப்பாவின் வாய் மெல்லத் திறந்தது. மாபெரும் கொட்டாவி.

“ஆறு!” என்றாள் ஏன்குட்டி.

அப்பா சட்டென்று வாயை மூடினார். அவர் காது இரண்டும் சிவந்தன.

“நான் வா வான்னு சொன்னா, பாவம், படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவாளேன்னுதான்...” என்று இழுத்தார்.

“படிப்புக்குத்தான் லீவாச்சேப்பா!”

அப்பா ஒரு பெட்டியை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். 

“அனுப்பவா?”

“உன் இஷ்டம்.” இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “சைக்கிளைப் பத்தி எழுதினியே... மணியும் புதுசா மாத்தியிருக்கேன். அதையும் சேர்த்துக்கோ.”

மணியையும் ஆறாவது கொட்டாவியையும் சேர்த்து அனுப்பினாள்.

பதில் வரக் கால் மணி நேரம் ஆனது. அக்கா இந்த முறை தமிழிலேயே எழுதியிருந்தாள்:

‘சரக்கு வந்து சேர்ந்தது. சரிபார்த்தேன். சைக்கிள் ஒன்று, மணி ஒன்று, பல்பு ஒன்று, கொட்டாவி ஆறு. என் பக்கக் கணக்கு: பையைக் கட்டியது நான்கு முறை, அவிழ்த்தது நான்கு முறை. சிநேகிதி வீடு என்று சொன்ன பொய் ஒன்று. சீட்டு இப்போதே வாங்குகிறேன். ஆனால் பாக்கி ஒன்று இருக்கிறது. அப்பா தன் வாயால் இன்னும் ‘வா’ என்று சொல்லவில்லை.’

அப்பா தொலைபேசியை வாங்கிக்கொண்டு பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். வந்ததும் தொலைபேசியை ஏன்குட்டியின் கையில் திணித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஏன்குட்டி பார்த்தாள். ‘வா. வா. வா.’

அவள் உடனே அக்காவுக்கு எழுதினாள்: ‘பாக்கி ஒன்று. வரவு மூன்று. இனி நீதான் அப்பாவுக்கு இரண்டு தர வேண்டும்.’